அவுரியைப் பிடித்தேன், அனிலின் மனசில் நின்றது

டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) முதல் வருட வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இண்டிகன் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். அமில காரம் பார்க்கிற இண்டிகேட்டர் ஞாபகத்தில் ஏதோ உளறி வைத்தேன். கேட்டவர் திட்டக்கூட இல்லை, அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். அனிலின், இண்டோல், இண்டிகன், இண்டாக்சில் எல்லாம் என் காதுக்கு ஒரே சத்தம். வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தால் மறுநாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

எங்கள் வீடு மதுரையில் மகாலுக்குப் பின்னால். பக்கத்து வீட்டு மாமா சுங்குடிக்குச் சாயம் போடுகிறவர். வைவாவில் சொதப்பிய வாரம் அவர் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தேன். நீலச் சாயத் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கினார். நீலமே இல்லை, மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. காற்றுப் படப்பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகியது. "காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுக் கரைச்சாத்தான் பாப்பா நூலுக்குள்ள இறங்கும். அப்புறம் காத்து நீலத்தைத் திருப்பிக் குடுத்துரும்" என்றார். அந்த நீலச் சாயத்தின் பேர் இண்டிகோ. தண்ணீரில் கரையாத அது, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்கிற உப்பும் சேர ஒடுக்கம் (எலக்ட்ரான் ஏற்பு) அடைந்து, கரையக்கூடிய லியூகோ இண்டிகோ ஆகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடி இண்டிகோ ஆக்குகிறது. புத்தகத்தில் நான் தாண்டிப்போன பக்கம் அது.

அன்றிலிருந்து சொல்லின் வேரைத் தேட ஆரம்பித்தேன். எல்லாம் இண்டிகோ நீலத்தைத் தரும் அவுரிச் செடியில்தான் போய் முடிகிறது. வடமொழி 'நீல' அரபியில் 'அன்நீல்' ஆகி, போர்ச்சுகீசியரிடம் 'அனில்' ஆனது. 1840-ல் ஃபிரிட்சே என்ற வேதியியலாளர் இண்டிகோவைக் காரத்தோடு காய்ச்சி எடுத்த எண்ணெய்க்கு 'அனிலின்' என்று பேர் வைத்தார். அதற்கு முன்பே ருங்கே என்ற இன்னொரு வேதியியலாளர் அதே பொருளை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்து வேறு பேர் சூட்டியிருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று 1843-ல் ஹோஃப்மன் காட்டினார். 'இண்டிகோ' என்ற சொல்லோ கிரேக்கர்கள் 'இந்தியச் சரக்கு' என்று சொன்னதிலிருந்து வந்தது. இண்டோல், இண்டாக்சில், இண்டிகன் மூன்றும் அதன் பிள்ளைகள். ஆக, நிறத்தின் பெயரால் ஒரு குடும்பம், நாட்டின் பெயரால் ஒரு குடும்பம். இதைப் பிடித்த பிறகு எனக்குக் குழப்பம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி இண்டிகனில் இருக்கிறது. அவுரி இலையில் இருக்கும் இண்டிகன், இண்டாக்சிலும் குளுக்கோஸும் சேர்ந்தது. சிறுநீரில் இருக்கும் 'இண்டிகன்' இண்டாக்சில் சல்ஃபேட். பேர் ஒன்று, பொருள் இரண்டு. குடல் பாக்டீரியா டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் ஆக்க, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக மாற்றி அனுப்புகிறது. சிறுநீரில் இண்டிகனைப் பார்க்கும் ஓபர்மேயர் சோதனையில் குளோரோஃபார்ம் நீலமாகிறதே, அது மாமாவின் தொட்டி நீலம்தான்! ஈ.கோலை பாக்டீரியாவை அடையாளம் காண, கோவாக்ஸ் என்ற சோதனைக் கரைசலை ஊற்றிச் சிவப்பு வளையம் பார்ப்பதும் இதே இண்டோலுக்குத்தான்.

அனிலின் நஞ்சு பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். அங்கே ஃபீனைல்ஹைட்ராக்சிலமின் ஆகி ஹீமோகுளோபினின் இரும்பை ஃபெர்ரிக் (ஆக்சிஜனேற்றம் பெற்ற) நிலைக்குத் தள்ளிவிடும். அதுதான் மெத்ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்காது. உதடு நீலமாகும், ரத்தம் சாக்லேட் நிறம். வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு வைத்துக் காற்றில் காட்டினாலும் சிவக்காது, பழுப்பாகவே நிற்கும். மருந்து மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நரம்பு வழியாக. உடம்பில் அது நிறமில்லாத லியூகோ மெத்திலீன் புளூ ஆகித்தான் இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. தொட்டியில் பார்த்த அதே லியூகோ! கிரேக்கத்தில் வெள்ளை என்று பொருள். லியூகோசைட், லியூகீமியா எல்லாம் அந்த வகைதான். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு இந்த மருந்து ஆகாது என்பதையும் விடாமல் எழுதுங்கள், அங்கேதான் அரை மதிப்பெண் போகும்.

அனிலினை நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்து டயசோனியம் உப்பாக்கும் டயசோ ஆக்கம் ஏன் 0 முதல் 5 டிகிரி செல்சியஸில்? மாமா அந்தக் காலத்தில் டயசோனியம் சேர்த்துத் துணியில் ஏற்றும் சிவப்பு நாப்தால் சாயத்துக்கு ஐஸ் கட்டி வாங்கி வந்த கதையை நினைத்துக்கொள்வேன். சூடு ஏறினால் டயசோனியம் உடைந்து நைட்ரஜனாகப் போய்விடும், சாயம் பிடிக்காது.

பெர்கின் 18 வயதில், 1856-ல், மலேரியா மருந்தான குயினைன் செய்யப்போய் அனிலினிலிருந்து மாவ் என்ற ஊதாச் சாயம் கண்டுபிடித்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதற்கு ஒரு வரி போதும்.

இரண்டாம் வருடம் சளி ஸ்லைடுக்கு சாயமேற்றும்போது கார்பால் ஃபூக்சின் என்ற சிவப்புச் சாயம் கையில் கொட்டிவிட்டது. அதுவும் அனிலின் வழிச் சாயம்தான். சோப்புப் போட்டும் போகவில்லை. சாயங்காலம் வாசலில் மாமா என் விரல்களைப் பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் நீட்டி வைத்து, "எந்தப் பட்டறையில சேர்ந்துருக்க பாப்பா?" என்றார்.