பாக்கு மென்றது போல ஒரு ஒயின்

டூரினில் வேலை பார்க்கும் தம்பி போன மாதம் பிரான்சில் நான் இருக்கும் லியோனுக்கு வந்தான். பையில் இரண்டு பாட்டில் நெபியோலோ, அந்தப் பேருள்ள இத்தாலியத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். ஒவ்வொன்றையும் குளிக்கும் துண்டில் சுருட்டி, ஆல்ப்ஸ் சுரங்கம் வழியாகப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். "அக்கா, உங்க ஊர்ல பேருக்குத்தான் விலை. குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு" என்றான். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், விடுவேனா?

அவன் கொண்டு வந்தது லாங்கே நெபியோலோ, 16 யூரோ. கூடவே அதே திராட்சையில் செய்த ஒரு பார்பரெஸ்கோ, 34 யூரோ. நான் வாங்கி வைத்தது பிரான்சின் பர்கண்டி பகுதியில் பினோ நுவார் திராட்சையில் செய்த சாதாரண ஒயின், 21 யூரோ. அப்புறம், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அதே பர்கண்டியில் ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்ற ஊரின் பினோ ஒன்று, 62 யூரோ. என் கணவர் நான்கையும் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பினோவும் நெபியோலோவும் ஒப்பிட நல்ல ஜோடி. இரண்டையும் வேறு திராட்சை கலக்காமல்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். இரண்டுமே வெளிர் சிவப்பு. கோப்பைக்குப் பின்னால் தாளைப் பிடித்தால் எழுத்து தெரியும். அதனால் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. மூன்றாம் எண் கோப்பையில் ஒரு வாய் குடித்ததும் ஈறு இறுகி, நாக்கு உலர்ந்து, சின்ன வயதில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்கைத் திருடி மென்ற அதே துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் அப்படி உலர்கிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்த நமக்கு நெபியோலோவை விளக்கவே வேண்டாம். மூன்றாம் எண் பார்பரெஸ்கோ. வாடிய ரோஜா வாசம், அடியில் வெயிலில் இளகிய தார்.

ஜெவ்ரேயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. செர்ரி, மழை நனைத்த மண், தொண்டையில் இறங்கியபின்னும் நீண்டு நிற்கும் ஒரு இனிமை. முதல் ஒரு மணி நேரம் நான்கில் அதுதான் அழகு. தம்பியும் தலையாட்டினான். 21 யூரோ பினோ மெலிசாக, புளிப்பு மட்டும் முன்னால் நின்றது. 16 யூரோ நெபியோலோ அதைச் சுலபமாகத் தாண்டியது. சாப்பாடு வந்ததும் இன்னும் தெளிவு: மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த ஆட்டுக்கறியின் கொழுப்பில் அந்தத் துவர்ப்பு கரைந்து மிருதுவானது. மிளகாய் போட்டிருந்தால் எரிச்சல்தான் கூடியிருக்கும்.

விலைக்கு வருவோம். பர்கண்டி பீப்பாய் 228 லிட்டர், ஏறத்தாழ 300 பாட்டில். புது ஓக் பீப்பாய் ஆயிரம் யூரோவை ஒட்டி வரும். அதாவது பாட்டிலுக்கு மூன்று யூரோ சொச்சம்தான், ஜெவ்ரேயின் விலைக்குப் பீப்பாய் காரணமில்லை. ஆனால் பார்பரெஸ்கோவைச் சட்டப்படி குறைந்தது 26 மாதம் பாதாளக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும், அதில் 9 மாதம் மரப் பீப்பாயில். அந்தக் காலம் முழுக்க விவசாயியின் பணம் முடங்கிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் ஜெவ்ரேக்குப் பாதி விலைதான். ஆக, நாம் கொடுக்கிற கூடுதல் காசு நிலத்துக்கும் பெயருக்கும். பர்கண்டியில் குளோ த வூஜோ என்ற ஒரே திராட்சைத் தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். உடைமையாளர்கள் எண்பது பேர் அளவில் இருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் துண்டுதுண்டான நிலம், உலகம் முழுக்க வாங்க ஆள். அதற்கு மேல் 2021 ஏப்ரல் மாதிரி உறைபனி வந்து மொட்டுகளைக் கருக்கினால் விலை எங்கே நிற்கும்?

இதற்காக "பிரான்ஸ் என்றாலே கொள்ளை விலை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், அன்றைக்கும் வந்தது. லியோனுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத்தில் மோர்கோன் என்ற ஒயின் ஊர். 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப் தன் நிலத்தைவிட்டு விரட்டச் சொன்ன கமே திராட்சைதான் அங்கே ராஜா. நான் வழக்கமாக வாங்கும் மோர்கோன் ஒயின் 14 யூரோ. மறுநாள் காலை தம்பி பையில் அதில் இரண்டை வைத்து அனுப்பினேன், அவன் கொண்டு வந்த அதே துண்டுகளில் சுருட்டி.

திங்கள் இரவு சமையலறையில் பார்த்தால் ஜெவ்ரேயிலும் பார்பரெஸ்கோவிலும் இரண்டு விரல் அளவு மிச்சம். ஜெவ்ரே சோர்ந்து போயிருந்தது. பார்பரெஸ்கோவில் துவர்ப்பு அடங்கி, ரோஜா மட்டும் மேலே வந்திருந்தது. நின்றபடியே குடித்து முடித்துவிட்டு தம்பிக்குப் போன் செய்தேன்: "அடுத்த தடவை வரும்போது பார்பரெஸ்கோ ரெண்டு வாங்கிட்டு வா, காசு இப்பவே போடுறேன்."