கதிரியக்க மாசு பட்ட காயம்: தேர்வுக்கு நான் படித்த விதம்

கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தேர்வுக்குப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: கிளவ் பாக்ஸில் (கதிரியக்கப் பொருளைக் கையுறை வழியாகக் கையாளும் மூடிய பெட்டி) வேலை செய்தவரின் விரலில் ஊசி குத்திவிட்டது, என்ன செய்வீர்கள்? முதலுதவி வரிசையை ஒப்பித்தால் விடை தட்டையாகத்தான் இருக்கும். ரத்தப்போக்கும் உயிருக்கு ஆபத்தும் எப்போதும் முதலில், அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்புறம் எந்த ஐசோடோப், எந்த வேதி வடிவம் என்று கேளுங்கள். மீதி விடை அதிலிருந்துதான் வரும்.

புளூட்டோனியம் 239 என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆல்ஃபா துகள் திசுவுக்குள் சில பத்து மைக்ரான்தான் போகும். மெல்லிய ரத்தப்படலமே அதை மறைத்துவிடும். ஆல்ஃபா மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் காயம் சுத்தம் என்று எழுதக் கூடாது. காயத்துக்கென்றே உள்ள அளவி, குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர்களைப் பிடிக்கும். கூடவே அமெரிசியம் 241 இருந்தால் அதன் சுமார் 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா இன்னும் எளிதாகத் தெரியும்.

கழுவும் பகுதி சுலபம்: சுற்றியுள்ள தோலை மூடிவிட்டு, சலைன் ஊற்றி, துடைத்து, மறுபடி அளக்க வேண்டும். அளவு குறைவது நின்றால் கழுவுவதையும் நிறுத்தலாம். துடைத்த பஞ்சைக் குப்பையில் போடாதீர்கள், அதையும் அளக்க வேண்டும்.

திசுவை வெட்டி எடுப்பதா என்பதில்தான் உங்கள் தீர்மானம் தெரியும். டெக்னீசியம் 99எம்-இன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதற்காக விரலை வெட்டுவது வீண் வேலை. புளூட்டோனியம் காலத்தால் தீராது. ஆனாலும் நரம்பும் தசைநாரும் பக்கத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

உடலுக்குள் போன உலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டிடிபிஏ மருந்து புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம் மூன்றுக்கும் பொருந்தும். யுரேனியத்துக்கு அதை எழுதிவிடாதீர்கள், பலர் சறுக்கும் இடம் இது. முதல் டோஸ் கால்சியம் வகை, தொடர்ந்து கொடுப்பதென்றால் துத்தநாக வகை. ஏனென்றால் கால்சியம் வகை உடலின் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை முதல் டோஸைத் தள்ளிப்போடக் கூடாது. 24 மணி நேரச் சிறுநீர், உள்ளே போன அளவைப் பிறகு கணக்கிடத்தான்.

நேரம் இருந்தால் என்சிஆர்பி (அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு) 156ஆம் அறிக்கையில், காயத்திலிருந்து பொருள் உடலுக்குள் எப்படிப் போகும் என்று கணக்கிடும் காய மாதிரியைப் பாருங்கள். கரையும் பொருள்களை, காயத்தில் எவ்வளவு தங்கும் என்பதை வைத்து அது 4 வகையாகப் பிரிக்கிறது. டெட்டனஸ் ஊசியையும் விடையில் சேருங்கள், என்ன இருந்தாலும் அது காயம்தானே.