சீட்டுக் கணக்கு

ஜூன் 2
பட்டியல் இன்னும் ஒட்டவில்லை.

ஜூன் 3
சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' (2008) முதல் அத்தியாயத்திலேயே ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

தலைநகரம் வருஷா வருஷம் மாவட்டப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஒருவரையொருவர் கொல்லும் ஆட்டத்துக்கு அனுப்புகிறது. மாவட்டத்துப் பிள்ளைக்கு 12 வயதானால் அந்தக் குலுக்கலில் ஒரு சீட்டு. 13இல் இரண்டு. 18இல் ஏழு. இதுவரை எல்லாரும் சமம். ஆனால் கூடுதலாக ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தால், ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைவயிற்றுக்கு. டெசரா என்று பெயர். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வாங்கலாம். எழுதின சீட்டு கழியாது, வருஷா வருஷம் சேரும்.

கதாநாயகி காட்னிஸ், வயது 16: வருஷத்துக்கு வயதுச் சீட்டு 1, டெசரா 3. ஐந்து வருஷம். 20.
அவள் நண்பன் கேல், வயது 18: 1, டெசரா 5. ஏழு வருஷம். 42.
மேயர் மகள் மேட்ஜ், காட்னிஸோடு படிப்பவள்: 5.
தலைநகரத்துப் பிள்ளைகள்: 0.

சட்டத்தில் 'ஏழை' என்ற சொல்லே கிடையாது. பசி தானே கணக்கைப் போட்டுக்கொள்கிறது.

ஜூன் 4
காட்னிஸின் 20இல் 10 சீட்டு அம்மாவுக்கும் தங்கைக்கும். கேலின் 42இல் 28 மற்றவர்களுக்கு. மேடையேறித் தங்கைக்குப் பதிலாக நின்றதைத்தான் எல்லாரும் தியாகம் என்கிறார்கள். இந்தப் பத்து யார் கண்ணிலும் படவில்லை. தங்கை பிரிமை டெசரா வாங்க விடவுமில்லை. அதனால்தான் அவளுக்கு ஒரே சீட்டு. அந்த ஒன்றுதான் வந்தது.

ஜூன் 6
லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' (1993). இங்கே குலுக்கலும் இல்லை, பசியும் இல்லை. நிறம்கூட இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை, அதற்கு மேல் அனுமதியில்லை. ஒரே மாதிரி இரட்டைக் குழந்தை பிறந்தால் தராசில் வைப்பார்கள். எடை குறைந்தது 'விடுவிக்கப்படும்', அதாவது கொல்லப்படும். கதை நாயகன் ஜோனாஸின் அப்பா கொஞ்சிக்கொண்டே அதன் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். இதை அவர் கொடுமையாகச் செய்யவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தராசு பேதம் பார்க்காது, அவ்வளவுதான் அவருக்கு.

ஊரின் வலி மொத்தத்தையும் சுமக்க ஓர் ஆள், அதற்குக் கௌரவமான பதவிப் பெயர். அந்த ஆளிடம்தான் ஊரின் பழைய நினைவுகள் எல்லாம். பத்து வருஷத்துக்கு முன் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோஸ்மேரி தன்னை விடுவிக்கச் சொல்லிப் போனதும், அவள் வாங்கியிருந்த நினைவுகள் ஊர்மேலேயே திரும்பி விழுந்தன. அப்போதும் ஊர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அடுத்த ஆளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் 7
இன்றும் இல்லை. நாளை என்கிறார்கள்.

ஜூன் 8
'டைவர்ஜென்ட்' (2011). இங்கே ஊரே குணத்தை வைத்து ஐந்து பிரிவு. அதில் தன்னலம் துறந்த பிரிவு சாம்பல் நிற உடை உடுத்துகிறது, கண்ணாடி பார்ப்பதைக்கூட மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறது. அதனாலேயே ஆட்சி அவர்கள் கையில். யோசனை நல்லதுதான், கதை அதைச் சண்டைக் காட்சிகளுக்குள் தொலைத்துவிட்டது. எந்தப் பிரிவிலும் சேராமல் கிடக்கும் ஏழைகளுக்குச் சோறு போடுகிறார்கள், சரி. அவர்கள் ஏன் பிரிவில்லாமல் கிடக்கிறார்கள் என்று கேட்கிற துறவி ஒருவரும் இல்லை.

ஜூன் 9
திரும்பவும் கேலின் 42.

'நான் போகிறேன்' என்று முன்வரும் விதி 12 மாவட்டத்துக்கும் ஒன்றேதான். 1, 2, 4ஆம் மாவட்டங்களில் பயிற்சி எடுத்து வளர்ந்த பிள்ளைகள் அந்த வாய்ப்புக்காகப் போட்டி போடுகிறார்கள். 12ஆம் மாவட்டத்தில் அது கிட்டத்தட்ட பிணமாவதற்கான சொல். விதியை மட்டும் படித்தால் இது தெரியாது.

ஜூன் 10
காலின்ஸ் கிரேக்கப் புராணத்துத் தீசியஸ் கதையிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்: ஏழு பையன், ஏழு பெண், கிரீட் தீவு அரக்கனுக்கு இரையாக. நமக்குப் பகாசுரன். வீட்டுக்கு வீடு முறை வைத்து வண்டிச் சோறும் ஓர் ஆளும். முறை என்று வந்ததும் ஊர் அடங்கிவிட்டது. அசுரனை விட்டுவிட்டு, அடுத்து யார் வீடு என்றுதான் பேசியிருப்பார்கள்.

ஜூன் 12
தூக்கம் வரவில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் மூன்றாம் நூல் 'மாக்கிங்ஜே' (2010), கடைசிப் பக்கங்கள். யாருக்காக முன்வந்தாளோ அந்தப் பிரிமே குண்டில் செத்துப்போனாள். அதன் பிறகு கிளர்ச்சியாளர் தலைவி காயின் ஒரு யோசனை வைக்கிறாள்: தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு கடைசி ஆட்டம். பிழைத்திருக்கும் வெற்றியாளர் ஏழு பேருக்கு வாக்கு. பீட்டா, ஆனி, பீட்டீ வேண்டாம் என்கிறார்கள். காட்னிஸ் வேண்டும் என்கிறாள், 'பிரிமுக்காக'. நிஜமாகவா, காயினை ஏமாற்றவா? நான்காவது முறை படிக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. பூஜ்யமாக இருந்தவர்களுக்கும் இனி சீட்டு உண்டு. சமம்தானே.

ஜூன் 13
பதினொரு மணிக்கு ஒட்டுகிறார்களாம்.