60 ஜிபியை விழுங்கிய பென்டிரைவ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரி. பட்டறைகளுக்கு வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்குபவர். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். மகன் கோயமுத்தூரில் இருக்கிறான், ராத்திரி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.

ஃபைல்கள் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று சொல்லும் டியு கமாண்டைப் போட்டுப் பார்த்தேன், மொத்தம் 60 ஜிபி. பென்டிரைவ் 128 ஜிபி. கம்ப்யூட்டர் கணக்கில் 119தான் வரும், அது தெரிந்த விஷயம். பாதிதானே நிரம்பும் என்று காப்பியைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். பத்து வருஷம் இதே வேலை பார்த்தவன் செய்யக்கூடாத காரியம் அது.

சாயங்காலம் வந்து பார்த்தால் இடம் இல்லை என்று நிற்கிறது. டிசைன் போட்டோக்கள் 57 ஜிபியும் ஏறியிருந்தன. நின்றது எடைச் சீட்டு ஃபோல்டரில். அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு சீட்டையும் தனி ஃபைலாக எழுதும். ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு. பத்து வருஷத்தில் ஆறு லட்சம் ஃபைல். ஒவ்வொன்றும் இரண்டரை கேபி.

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸின் எக்ஸ்ட்4. அது ஒரு ஃபைலுக்குக் குறைந்தது 4 கேபி ஒதுக்கும். ஆறு லட்சத்துக்கும் சேர்த்து இரண்டேகால் ஜிபிதான். பென்டிரைவில் இருந்ததோ எக்ஸ்ஃபேட் என்ற முறை. 32 ஜிபிக்கு மேல் போனால் அது வழக்கமாக 128 கேபி கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். இரண்டரை கேபி சீட்டுக்கும் ஒரு முழுக் கட்டம். ஆறு லட்சத்தை 128ஆல் பெருக்கினால் 73 ஜிபி! போட்டோக்கள் போக மிச்சமிருந்த இடத்தில் ஐந்து லட்சம் சீட்டு ஏறி, ஒரு லட்சம் வெளியே நின்றுவிட்டது.

கடைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, டப்பாக் கணக்காகச் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஒரு சலங்கை மணிக்கு ஒரு டப்பாவா? கட்டுப்படியாகுமா தம்பி?"

டியு பொய் சொல்லவில்லை. அது இருக்கிற டிஸ்க்கின் கணக்கைச் சொன்னது, நான் போகிற டிஸ்க்கைக் கேட்காமல் விட்டேன். இப்போதெல்லாம் ஜிபியைப் பார்க்கும் முன் ஃபைல்களை எண்ணிவிடுகிறேன். பெரிய ஃபைல் என்றால் ஒவ்வொன்றுக்கும் அரைக் கட்டம் வீண் என்று கூட்டிக்கொள்வேன், குட்டி ஃபைல் என்றால் முழுக் கட்டம். ஹார்டு லிங்க், அதாவது ஒரே ஃபைலையே பல இடங்களில் இருப்பதுபோல் காட்டும் வசதி, போட்ட பழைய பேக்கப் இருந்தால் இன்னும் உஷார். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தச் சங்கதியே தெரியாது, ஒரே ஃபைலை லிங்க் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் புதுசாக எழுதி வைக்கும்.

அன்றைக்குச் சீட்டுகளை எல்லாம் டார் போட்டு ஒரே ஃபைலாகக் கட்டினேன். இரண்டு ஜிபியில் அடங்கியது. கடைக்காரர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலை மகனிடமிருந்து போன்: "அண்ணா, ஒரே ஒரு ஃபைல்தான் வந்திருக்கு. மீதிச் சீட்டெல்லாம் எங்கே?"