பித்தப்பை நார்மலாம்! குதிரைக்கு கல்லீரல் ஸ்கேன் எடுத்த கதை

"பித்தப்பை இயல்பான அளவில் உள்ளது. கற்கள் இல்லை."

என் குதிரைக்கு ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது என்பது குதிரை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் எங்கும் தேங்காமல் நேராகக் குடலுக்குப் போய்விடும். நாய்க்கு வைத்திருந்த படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். போனில் கேட்டதற்கு, "அது டெம்ப்ளேட்ல வர்றதுங்க சார்" என்று பதில். பணத்தைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்.

அந்தியூர் சந்தையில் வாங்கிய மார்வாரி அது, பெட்டை, 11 வயது. விட்டுவிட்டு வயிற்றுவலி, நடுவில் காய்ச்சல், இமையைப் புரட்டினால் மஞ்சள். எங்கள் ஊர் டாக்டர் முதலில் உண்ணியால் வரும் பேபீசியாவாக இருக்குமோ என்று ரத்தத்தைப் பார்த்தார். அது இல்லை. பித்தநாளக் கோளாறில் ரத்தத்தில் ஏறும் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி மட்டும் பல மடங்கு ஏறியிருந்தது. காய்ச்சல், மஞ்சள், வயிற்றுவலி மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. அவரிடம் இருந்ததோ மாட்டுக்குச் சினை பார்க்கும் ஸ்கேன் மெஷின். அதன் நீளமான புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் முனை) மேலாக ஒரு சாண் ஆழம்கூடக் காட்டாது. "இதுல பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அங்கிருந்துதான் அந்த கிளினிக். வண்டி பிடிப்பதற்கு முன்பே போனில் ஓர் உத்தரவு: "முதல் நாள் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க, வெறும் வயித்துல கொண்டு வாங்க." மனுசனுக்குச் சொல்வதை அப்படியே குதிரைக்கும் சொல்லிவிட்டார்கள். எங்கள் லாயத்து அண்ணன், "ஏனுங்க, நோவுல கெடக்குற உசுரைப் பட்டினி போடுறதுங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே புல்லை எடுத்து வைத்தார். விடிய விடியப் பட்டினி, அப்புறம் வண்டிப் பயணம், அப்புறம் காத்திருப்பு. அங்கே ரத்தம் எடுத்தால் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் முன்பைவிட எகிறியிருந்தது. "கல்லீரல் ஃபெயிலியர் மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்ல, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

குதிரை சாப்பிடாமல் இருந்தாலே பிலிரூபின் ஏறும், நோய் எதுவும் தேவையில்லை. அப்படி ஏறுவது பெரும்பாலும் மறைமுக பிலிரூபின்தான், அதாவது கல்லீரல் இன்னும் மாற்றாதது. கல்லீரல் மாற்றி முடித்த நேரடி பிலிரூபின் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டினால்தான் பித்தநீர் ஓட்டத்தில் அடைப்போ என்று பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் இரண்டையும் பிரித்துப் போடக்கூட இல்லை. கல்லீரல் ஸ்கேனுக்குக் குதிரையைப் பட்டினி போடத் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்கேன் எடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முடியை மழிக்கவில்லை. இடது பக்கம் ஒரே இடத்தில் ஜெல்லைத் தடவி, புரோப்பை வைத்து எடுத்தார்கள், முடிந்தது.

அடுத்தது ஒரு பெரிய மருத்துவமனை. சீட்டு போடும் இடத்தில் முத்திரை வைத்த பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ரத்த ரிப்போர்ட் செல்லாதாம், அச்சடித்துக் கொண்டு வரச் சொன்னார்கள். வெயிலில் வண்டிக்குள் குதிரை, ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. போகிறவர்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

உள்ளே போனபிறகு எல்லாம் வேறு மாதிரி. டாக்டரம்மா முதலில் கேட்டது கத்தரி மெஷின். வலது பக்கம் விலா எலும்புகள் மேல் அகலமாக முடியை மழித்து, ஸ்பிரிட்டை ஊற்றி நனைத்தார். வளைந்த முகமுள்ள பெரிய புரோப், 2.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். வலது பக்கம் 6-வது விலா இடைவெளியில் தொடங்கி 15 வரை, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். அப்புறம் இடது பக்கம், 6 முதல் 9 வரை. குதிரை மூச்சு இழுக்கும்போதெல்லாம் நுரையீரல் திரைச்சீலை மாதிரி இறங்கி வந்து கல்லீரலை மறைத்தது. விலகும் அந்த நொடிக்காகக் காத்திருந்து படத்தை நிறுத்தினார்.

ஒரு குழாயைக் காட்டி, "சுவர் வெள்ளையா பளிச்னு இருக்கே, இது போர்ட்டல் சிரை, குடல்ல இருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டு வர்றது" என்றார். அதன் பக்கத்திலேயே, அதோடு ஒட்டி, இன்னொரு கறுப்புக் குழாய். "இதுதான் பித்தநாளம். நல்லா இருக்கிற குதிரையில இது கண்ணுக்கே தெரியக்கூடாது." 7-வது இடைவெளியில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதற்குக் கீழே பட்டையாக ஒரு நிழல். கல்! என் குதிரைக்கு நோய் உறுதியானதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் வீட்டில் திட்டுகிறார்கள். ஆனால் அத்தனை அலைச்சலுக்குப் பிறகு ஒரு பதில் கிடைத்ததே!

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். எல்லாக் கல்லுக்கும் நிழல் விழுந்துவிடாது. கல்லீரலில் பாதிக்கு மேல் நுரையீரலுக்கும் குடலுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. வயதான குதிரையில் வலது பக்கம் சுருங்கியும் போகும். அதனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் ஜிஜிடி ஏறியிருந்தால் விட்டுவிடக் கூடாது. எங்களுக்கு ரத்தம் உறைகிறதா என்று சோதித்துவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போட்டுக் கல்லீரலில் துளி சதை எடுத்தார்கள். கிருமி வளர்த்துப் பார்க்க அதிலிருந்தே ஒரு பங்கு. அது வலிக்கவில்லை, பில்தான் வலித்தது.

இப்போது கிருமிக்கான சல்ஃபா மாத்திரை ஓடுகிறது. வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், ஜிஜிடி இறங்கும்வரை தொடர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். குதிரைமசால் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டியிருக்கிறோம். மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தால் முதலில் தின்றது, இப்போது வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டுப் பொடியைத் துப்புகிறது. கரைத்து சிரிஞ்சில் கடைவாய்ப் பக்கம் அடிப்பதுதான் நடக்கிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்கு வண்டி பிடிக்கும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: குதிரைக்கு எடுத்துப் பழக்கம் உண்டா, ஆழம் காட்டும் வளைந்த புரோப் இருக்கிறதா, இரண்டு பக்கமும் பார்ப்பீர்களா. நாலாவதாக, பித்தப்பையையும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். "பார்ப்போம்" என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.