செதலபதியில் அப்பாயிக்கு எள்ளுத் தண்ணி

அப்பாயியின் தலைத்திவசம் ஆவணியில் முடிந்தது. அடுத்து வந்த மகாளய அமாவாசைக்குச் செதலபதிதான் போக வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். ராமேஸ்வரம் போகலாமா, வேதாரண்யம் போகலாமா என்று வீட்டில் பேச்சு கிளம்பியபோது அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ராமரு வந்து எள்ளுத் தண்ணி எறைச்ச ஊரு பக்கத்துலயே இருக்கு. அத முடிச்சுட்டு அப்படியே கூத்தனூரு. அவ கோயிலு" என்றார்.

கூத்தனூர் சரஸ்வதி கோயிலை எங்கள் வீட்டில் 'அப்பாயி கோயில்' என்றுதான் சொல்வோம். அப்பாயி நன்னிலம் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் டீச்சராகச் சேர்ந்தவர். அதே பள்ளிக்குப் பிறகு ஓட்டுக் கட்டடம் வந்தது, இரண்டாவது வாத்தியார் வந்தார், தலைமையாசிரியை நாற்காலி வந்தது. அங்கேயே ஓய்வும் பெற்றார். ஒவ்வொரு விஜயதசமிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நன்னிலத்தில் பாசஞ்சர் ஏறி, பூந்தோட்டத்தில் இறங்கி, கூத்தனூருக்கு நடத்தியே கூட்டிப் போவார். பெரும்பாலும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். கோயிலில் உட்கார்த்தி வைத்து நெல்லில் விரல் பிடித்து 'அ' எழுத வைக்க அந்த வீடுகளில் யாருக்கும் நேரமும் கிடையாது, கையில் காசும் கிடையாது. பள்ளிக்கூடம் லீவான அந்த நாளில் அப்பாயிக்குத்தான் பெரிய வேலை.

நாங்கள் கிளம்புகிற அன்று விடியற்காலையில் வாசலில் ஒருவர் குளித்து வேட்டி கட்டி நின்றார். அப்பாயியிடம் படித்த கொத்தனார். "ஐயா, நானும் வர்றேன். டீச்சருக்கு நானும் தண்ணி எறைக்கலாமான்னு அங்க கேட்டுக்குறேன். கூடாதுன்னா ஓரமா நின்னு கும்பிட்டுட்டு வந்துடுறேன்" என்றார். தாத்தா அவரைக் காரில் முன் சீட்டில் உட்காரச் சொன்னார்.

செதலபதி பூந்தோட்டத்திலிருந்து சற்றுத் தூரம்தான். முக்தீஸ்வரர், சொர்ணவல்லி அம்மன். ஞானசம்பந்தர் பாடிய தலம். தேவாரத்தில் திலதைப்பதி, மதிமுத்தம் என்று வரும். கோயிலுக்கு வெளியே தனிச் சன்னதியில் ஆதி விநாயகர். தும்பிக்கை இல்லை, மனித முகம். பார்த்துப் பழகிய பிள்ளையாரைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த முகம் ஒரு கணம் நெஞ்சில் தட்டும். கஜமுகம் வருவதற்கு முந்தைய கோலம் என்பது ஐதீகம்.

தலபுராணம் இது: ராமர் தசரதருக்குப் பிண்டம் வைத்தபோது அது புழுவாய்ப் போயிற்று. சிவனை வேண்டி, அவர் சொன்னபடி இங்கே வந்து வைத்தபோது பிண்டங்கள் லிங்கமாயின. அந்தப் பிதுர் லிங்கங்களையும், மண்டியிட்ட கோலத்தில் இருக்கும் ராமரையும் உள்ளே தரிசிக்கலாம். சூரியனும் சந்திரனும் இங்கே அருகருகே இருப்பதால் நித்திய அமாவாசைத் தலம், எந்த நாளும் தர்ப்பணம் கொடுக்கலாம் என்பார்கள். இருந்தாலும் மகாளய அமாவாசைக் கூட்டமே தனி. எங்கே பார்த்தாலும் ஈர வேட்டி, எள், வாழைக்காய், அகத்திக்கீரைக் கட்டு.

தர்ப்பணம் செய்து வைக்கிற ஐயர் அப்பாவைப் பார்த்து, "உங்க அப்பா இதோ இருக்காரே. அப்பா இருக்கறச்சே நீங்க தர்ப்பணத்துக்கு உட்காரப்படாது. திவசம் உங்களது, இது பெரியவர் பண்ணட்டும்" என்றார். தாத்தா அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். பிறகு கொத்தனார் கேட்டார். ஐயர் அவரையும் கேட்டார்: "உங்க அப்பா இருக்காரா?" "இல்ல சாமி, போய் ரொம்ப வருஷமாச்சு." "அப்ப தாராளமா உட்காருங்கோ. குருவுக்கு உண்டு."

மகாளயத்தில் அப்பா வழி, அம்மா வழி எல்லாம் முடிந்த பிறகு காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை வரும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று போய், மனைவி, சிநேகிதர், குரு வரைக்கும் அதில் அடக்கம். தாத்தாவுக்கு அப்பாயி மனைவியாக அந்த வரிசையில் வந்தார். கொத்தனாருக்குக் குருவாக அதே வரிசையில் வந்தார். ஒருவர் ஊர் பேர் கோத்திரம் சொல்லி நிறுத்த, மற்றவர் அதே பேரைச் சொன்னார். ரத்த சம்பந்தம் இல்லாத ஜடாயுவுக்கும் ராமர் இங்கே தர்ப்பணம் கொடுத்தார் என்று சொல்கிற தலத்தில் இதைக் கேட்க நேர்ந்ததை அப்பாயியின் புண்ணியம் என்றே நினைக்கிறேன்.

கொத்தனாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் அரித்து வெடித்த உள்ளங்கை. மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். தண்ணீர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்க வேண்டும். எள் அந்த வெடிப்புகளில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. ஐயர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னார். ஒரு எள் கூடக் கையில் தங்காமல் பார்த்துப் பார்த்து விட்டார்.

அந்தக் கைக்கு எழுத்து வந்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்கிற குடும்பம் அவருடையது. இரண்டாம் வகுப்பில் பையன் நின்றுவிட்டான். அப்பாயி வரப்பில் நடந்து போய் அவன் அப்பாவைப் பிடித்தார். வாத்தை யார் பார்ப்பது என்று அவர் கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால அறுத்த வயலு கெடக்குது. வாத்த அங்க விடு, பையன உள்ள விடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் வாத்துகள் ஜன்னலுக்கு வெளியே, பையன் ஜன்னலுக்கு உள்ளே. 1982-இல் சத்துணவு வந்த பிறகு இந்த மாதிரி நடை அவருக்குக் குறைந்தது; சோற்றுக்காகவாவது பிள்ளைகள் வந்தார்கள். தினமும் முதல் கரண்டி அப்பாயி வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பந்தி. வீட்டில் அடுப்படி எப்படியோ அப்படித்தான் அங்கேயும்.

உள்ளே முக்தீஸ்வரரையும் பிதுர் லிங்கங்களையும் கும்பிட்டு, வெளியே பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டு கூத்தனூர் வந்தோம்.

கூத்தனூரைப் பற்றி அப்பாயி ரயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை எனக்கு இன்னும் மனப்பாடம். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று ராஜாக்கள் சபையில் இருந்த ஒட்டக்கூத்தருக்குச் சோழர் கொடுத்த ஊர் இது. அந்தக் கூத்தர் வழிபட்ட அம்மன் இவள். பேச்சு வராத புருஷோத்தம பாரதி இவள் அருளால் பாடத் தொடங்கிய கதையும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை யாரோ, அந்தக் கதை வரும்போது அது அப்பாயி மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சரஸ்வதி என்றால் வீணையோடு படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும். வெள்ளைப் புடவையில், தாமரையில் அமர்ந்தவள் கையில் வீணை கிடையாது. ஏடு, அட்சமாலை, அமிர்த கலசம், சின்முத்திரை. "சாமி கையில என்ன இருக்கு?" என்று அப்பாயி கேட்பார். "பொஸ்தகம் டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்தும் சத்தத்துக்குக் குருக்களே திரும்பிப் பார்ப்பார்.

மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது என்பதால் கோயிலில் அதற்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. கடைகளில் அர்ச்சனைத் தட்டோடு நோட்டும் பேனாவும் வைத்து விற்றார்கள். நாங்களும் வாங்கினோம். சன்னதியில் குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டார். தாத்தா அப்பாயி பேரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். போனவர்கள் பேருக்கு அர்ச்சனை இல்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. அவர் சந்தைக்குப் போகும்போது அப்பாயி எழுதிக் கொடுத்த சாமான் சீட்டு. கடலைப் பருப்பு, வெற்றிலை, சாம்பிராணி. 'லை' இரண்டு இடத்திலும் பழைய துதிக்கை போட்ட லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததும் அப்பாயி கரும்பலகையில் ஒரே வாரத்தில் மாறிவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கை தடுமாறக் கூடாது என்று இரவெல்லாம் சிலேட்டில் எழுதிப் பழகினாராம். தாத்தாவுக்கு எழுதும் சீட்டில் மட்டும் கடைசி வரைக்கும் பழைய லைதான். தாத்தா ஐந்தாவதோடு நின்றவர், பழைய எழுத்தில் படித்தவர். அவர் கடை வாசலில் நின்று திணறக் கூடாது. பொண்டாட்டி சம்பளம் வாங்குகிறாள் என்று ஊர் தாத்தாவை ஏதேதோ பேசிய காலம் அது. வேலைக்குச் சேர்ந்த வருஷங்களில் சைக்கிள் கேரியரில் அப்பாயியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் வயலுக்குப் போவார். ஒரு நாளும் அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னதில்லை.

அந்தச் சீட்டை நோட்டுக்கு மேலே தட்டில் வைத்தார். குருக்கள் விரித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அம்மன் பாதத்தில் வைத்து, குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். தாத்தா கண்ணில் ஒற்றிக்கொண்டு பர்ஸில் வைத்துக்கொண்டார்.

சரஸ்வதி பூஜையன்று இங்கே பாத தரிசனம். அம்மன் பாதம் முன் மண்டபம் வரை வரும், நாமே பூப்போட்டுக் கும்பிடலாம். மறுநாள் விஜயதசமிக்கு நெல் பரப்பிப் பிள்ளைகளை உட்கார்த்துவார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் விடியும் முன்பே போய்விடுவது நல்லது.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்ததும் கொத்தனார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். பேத்தியை இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாராம். டீச்சர் இருந்திருந்தால் இங்கே கூட்டி வந்திருப்பார்கள். "நம்ம தெருவுல இன்னும் நாலஞ்சு புள்ளைங்க இருக்கு, ஐயா."

"ஒன்னாவது புள்ளைங்க எல்லாத்தையும் கேட்டு எழுதிக்க" என்று தாத்தா என்னிடம் சொன்னார். அப்பா வேன் பேசலாம் என்றார். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பூந்தோட்டத்துக்கு அகல ரயில் ஓடுகிறது, பிள்ளைகள் ரயிலில்தான் வர வேண்டும், கூத்தர் கதையை அந்த வண்டியில்தான் சொல்ல வேண்டும் என்கிறார். கதை சொல்லும் வேலை எனக்கு. விஜயதசமி காலையில் நன்னிலத்தில் ஏறுகிறோம்.