தனியாகத்தான் போனேன்

வந்து மூன்று நாளாகிறது. ஜாக்கெட் இன்னும் பால்கனியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்திருக்கிறேன். காலையில் எடுத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தேறுகிறது. உட்காரும் இடத்தின் நிலவரத்தைப் பொதுவில் எழுத முடியாது. இதையெல்லாம் விடுங்கள். மேல் வீட்டு மாமா லிஃப்டில் பார்த்து, "என்ன சார், இந்த மழையில தனியாவே ராமேஸ்வரம் வரைக்கும் பைக்ல போயிட்டு வந்தீங்களாமே?" என்று கேட்டார். அந்தத் "தனியா"வைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரிச் சமாளித்தேன்.

தனியாகப் போகவேண்டும் என்று தோன்றியதற்கு மச்சான்தான் காரணம். போன வருடம் அவனோடு ஏலகிரி போனேன். மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. பதினான்கிலும் இறங்கிப் படம் எடுத்தான். எல்லாப் படத்திலும் ஒரே சட்டை, ஒரே சிரிப்பு, பின்னால் ஒரே குரங்கு. அன்றைக்கு முடிவு செய்ததுதான், அடுத்த தடவை நானும் பெரியவரும் மட்டும்.

பெரியவருக்கு 21 வயது முடிந்துவிட்டது. நூறு சிசி. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 68 ஆயிரத்துச் சொச்சத்தில் நின்று பல வருடம் ஆகிறது, சினிமா நடிகைகளின் வயதைப் போல. மடிப்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை வரை போவதையே வெளியூர்ப் பயணமாக நினைக்கும் ஆள். மெக்கானிக் பாய் இரண்டு நாள் கடையில் போட்டு ஆயில், பிளக், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் மாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஹேண்டில் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். நான் போனில் இருந்தேன். தலையை ஆட்டிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, பாசத்தில் பெரியவருக்குத் தலைக்குப் போடும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். துடைக்கும்போது பார்த்தால், ஹேண்டிலில் ஆரம்பித்து டேங்க்குக்கு அடியில் நுழைந்து எஞ்சின் வரைக்கும் ஒரு கறுப்பு ஒயர் போகிறது. இரண்டு முனையும் எதிலும் மாட்டவில்லை. சும்மா கட்டிவைத்திருக்கிறது. சும்மா இருப்பதைக் கண்டால் எனக்கு ஆகாது. (இவளுக்கும் ஆகாது. எங்கள் வீட்டில் பிரச்சினையே அதுதான்.) கத்தரிக்கோலால் கட்டை வெட்டி, ஒயரை உருவி, பால்கனியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பும்போது அத்தை வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இருபது.

"ராமேஸ்வரத்துல இட்லி கிடைக்காதா அத்தை?"

"கிடைக்கும் மாப்ளே. யார் கை பட்டதோ."

இவள் போட்டது ஒரே நிபந்தனை. நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் அந்த நீலப் புள்ளியைப் போனில் போட்டுவிட வேண்டும். சின்ன விஷயம்தானே என்று போட்டுவிட்டேன். அதை அவள் குடும்ப குரூப்புக்குத் தள்ளிவிட்டாள் என்பது மரக்காணத்தில்தான் தெரிந்தது. உப்பளமெல்லாம் மழைத் தண்ணீர் நிறைந்து வானம் மாதிரிக் கிடந்தது. நிறுத்தி நான்கு நிமிடம் வேடிக்கை பார்த்திருப்பேன். மூன்று போன் வந்துவிட்டது. ஒன்று பெங்களூரிலிருந்து. குரூப்பில் 23 பேர். கொள்ளிடம் பாலத்துக்குள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கட்டுப்பாட்டு அறை திறந்துவிட்டார்கள்.

மழை கடலூரில் பிடித்தது. ரெயின்கோட் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு காலைத் தூக்கி வண்டியில் ஏறினேன், "டர்ர்ர்" என்று ஒரு சத்தம். சரியாக எங்கே கிழியக்கூடாதோ அங்கே. அதற்கப்புறம் ராமேஸ்வரம் வரைக்கும் வந்த வடகிழக்குப் பருவமழைக்கு உள்ளே நுழைய அதுதான் வாசல். மழையை முன்னால் வைத்துக்கொண்டு நவம்பரில் கடலோரமாகவே போனேன், என்னைச் சொல்லவேண்டும்.

சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் வருவதற்கு முன்னால் பெரியவர் தும்ம ஆரம்பித்தார். தும்மல் இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பாய்க்குப் போன் போட்டேன்.

"சவுண்டு குடுங்க சார்."

போனை எஞ்சின் பக்கம் பிடித்துக்கொண்டு உதைத்தேன். உதைத்தேன். உதைத்தேன்.

"இன்னா சார், சோன்னு ஒரே சத்தமா இருக்கு?"

"அது மழை பாய்."

"அப்ப தண்ணிதான் சார். பிளக் கேப்பைப் புடுங்கி, உள்ள நல்லா ஊதித் துணியால தொடைங்க. அப்புறம் ஒரு கவர எடுத்து அது மேல கட்டி வுடுங்க, தண்ணி எறங்காது."

துணி எங்கே காய்ந்திருக்கிறது? மேலே இருந்த நான்கு அடுக்கில் எல்லாமே நனைந்துவிட்டது. கடைசியில் இட்லிப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த அத்தையின் பழைய பருத்திப்புடவைத் துண்டுதான் காய்ந்திருந்தது. அதைவைத்துத் துடைத்து, ஊதி, பொட்டலத்தின் பிளாஸ்டிக் கவரையே பிளக் மேல் கட்டினேன். நான்காவது உதையில் பெரியவர் எழுந்தார். சூடான எஞ்சினிலிருந்து மிளகாய்ப்பொடி வாசனை நாகப்பட்டினம் வரைக்கும் வந்தது. நாய்கள் துரத்தியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நாகையில் ராத்திரி. லாட்ஜ் ஃபேனுக்கு இரண்டே வேகம், நிற்பது, ஹெலிகாப்டர். ஹெலிகாப்டரில் வைத்தும் ஜட்டிகூடக் காயவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பேட்டை தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். இடது கையில் "டிக்" என்று ஒன்று. கிளட்ச் லிவர் பல் விழுந்த மாதிரி ஆடுகிறது. கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. நுனியில் ஈயக் குண்டு தனியாகக் கழன்று, ஒயர் இழை இழையாகப் பிரிந்து தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கிறது. பாய்க்குப் போன்.

"அதான் ஸ்பேர் பக்கத்துலயே ஓட்டி வுட்ருக்கேனே சார். அறுந்தத கழட்டிட்டு அத மாட்டுங்க, அஞ்சு நிமிசம்."

நான் பேசவில்லை.

"கறுப்பு ஒயர் சார். டேங்க்குக்கு அடில பாருங்க."

நான் இன்னும் பேசவில்லை.

"சார்? லைன்ல கீறீங்களா?"

கிளட்ச் இல்லாமலும் வண்டி ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, காலால் உந்தி, கொஞ்சம் வேகம் வந்ததும் முதல் கியரைத் தட்டவேண்டும். பெரியவர் ஒரு துள்ளு துள்ளுவார். அப்புறம் ஆக்சிலேட்டரை விட்ட நொடியில் அடுத்தடுத்த கியர் தன்னால் விழும். ஓட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். நின்றால் எஞ்சின் செத்துவிடும், மறுபடி உந்த வேண்டும். அதனால் நிற்கக்கூடாது. இந்தத் தகவல் அந்தப் பக்கத்து ஆடுகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஒரு கூட்டம் மழைக்கு ரோட்டில் ஏறி நிற்கும். ஹாரன் அடித்தால் தலைவர் ஆடு மட்டும் திரும்பிப் பார்த்து, "வா, பேசிக்கலாம்" என்பதுபோல் அசைபோடும். ஐந்து தடவை நின்றேன், ஐந்து தடவை உந்தினேன். ஆறாவது தடவை அப்படியே பெரியவர் மேல் சாய்ந்துகொண்டு ஒரு இட்லி சாப்பிட்டேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. உள்ளே பட்டுக்கோட்டைச் சித்தப்பா. கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கொட்டுகிற மழையில் கறுப்புக் கண்ணாடியோடு முன்சீட்டில், மடியில் கயிற்றுச் சுருளோடு.

நான் அவருக்குச் சொல்லவே இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. நீலப் புள்ளி நகர்ந்து நகர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு இவள்தான் சித்தப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் மூன்றாவது ஆட்டுக் கூட்டத்தில் இருந்தபோதே இவர் பட்டுக்கோட்டையில் வண்டி பேசிவிட்டார்.

"ஏத்து வண்டிய."

"வேணாம் சித்தப்பா. ஓட்டிட்டே போயிடுவேன்."

"ஏன்?"

"சோலோ ட்ரிப் சித்தப்பா. ஏத்துனா கணக்குல வராது."

கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் கழற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். "சின்ன வயசுல பரிட்சைக்கு நீ காட்டாத வீராப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால் வருவார். ஆக, தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் என்னுடைய தனிப்பயணம் இப்படி நடந்தது: முன்னால் கிளட்ச் இல்லாமல் நான், பின்னால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு குட்டியானை, அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். அதிராம்பட்டினத்தில் ஏதோ கட்சிக்காரர் வருகிறார் என்று ஒருவர் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். நின்றால் உந்துவதற்குக் குட்டியானை டிரைவர் தம்பி இறங்கி ஓடிவந்தான். குரூப்பில் சித்தப்பா நேரலை வர்ணனை.

ஞாயிறு என்பதால் ஸ்பேர் கடை எல்லாம் மூடியிருந்தது. மல்லிப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் தகரக் கூரைப் பட்டறை ஒன்றில் இருபது வயதுப் பையன் ஒருவன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். ஒயரை வாங்கிப் பார்த்தான். பிரிந்த இழைகளை நறுக்கென்று கட்டரால் வெட்டினான். சுவரில் தொங்கிய பழைய கரண்ட் ஒயர் கனெக்டர் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் உடைத்தான். வெள்ளை பிளாஸ்டிக் சிதறி, உள்ளே இருந்த பித்தளைத் துண்டு வெளியே வந்தது, இரண்டு குட்டி ஸ்குருவோடு. ஒயர் நுனியை அதற்குள் நுழைத்து, இரண்டு ஸ்குருவையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். அந்தப் பித்தளையைக் குண்டு உட்காரும் குழியில் வைத்தான். அரத்தால் இரண்டு தேய். லிவரைப் பிடித்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. நாற்பது ரூபாய் கேட்டான். நூறு கொடுத்தேன், மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டான். இட்லி கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். "பொடில எள்ளு போட்டிருக்காங்களா?" என்றான். அத்தையிடம் சொன்னதிலிருந்து அத்தை அவனுக்கு வரன் பார்க்கும் யோசனையில் இருக்கிறார்.

காத்திருந்த நேரத்தில் சித்தப்பா மனோராவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பக்கம்தான். நெப்போலியன் பிரிட்டிஷ்காரர்களிடம் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் 1814இல் கட்டியது, எட்டு அடுக்கு. எவனோ எங்கேயோ தோற்றதற்குப் பட்டுக்கோட்டைச் சீமையில் ஒரு கோபுரம். "ஒனக்கும் ஒன்னு கட்டிடலாம்" என்றார் சித்தப்பா. அங்கே எடுத்த படத்தில் நானும் பெரியவரும் கடலும் மட்டும் இருக்கிறோம். ஓரத்தில் தெரிந்த கறுப்புக் கண்ணாடியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். 41 லைக். முதல் லைக் சித்தப்பாவுடையது.

ராமநாதபுரத்தில் தங்கி, மறுநாள் காலை பாம்பன். துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாதாம். ரோட்டுப் பாலத்தில் எனக்கு அந்த வசதி இல்லை. பெரியவர் நேராகப் போகிறார், நான் பக்கவாட்டில் போகிறேன். இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கந்தசஷ்டி கவசம் முழுசாக ஒரு தடவை முடிந்து மறுபடி பாதி. தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரத்தில் போலீஸ் தடுப்பு. அதற்கு மேல் விடமாட்டார்களாம்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சென்னை சார்."

பெரியவரைப் பார்த்தார். பிளக்கில் கட்டிய கவரைப் பார்த்தார். ரெயின்கோட் கிழிசலைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார். "வீட்ல தெரியுமா?"

என்ன பதில் சொல்வது? 23 பேருக்குத் தெரியும் சார்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையைப் பார்க்கவில்லை. அதனால் என்ன. திரும்பினேன்.

தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி, அப்புறம் நேர் ரோடு. சுங்கச்சாவடிகளில் லட்ச லட்சமாகப் போட்டுக் கார் வாங்கியவர்கள் வரிசையில் நிற்க, ஓரத்துச் சந்தில் நயாபைசா கொடுக்காமல் நுழையும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். பெரியவர் ஒரு தும்மல் இல்லை, ஒரு முனகல் இல்லை. பித்தளைத் துண்டு அசையவில்லை. போக வர 1,100 கிலோமீட்டருக்கு மேல்.

தாம்பரத்துக்குள் நுழையும்போது மழை வலுத்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள் என்று குரூப்பில் படம் வந்துவிட்டது. அப்படியென்றால் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். முழங்கால் தண்ணீர். வீடு கண்ணுக்குத் தெரிகிறது. பால்கனியில் விளக்கு எரிகிறது. இஸ்திரி வண்டிக்கு நேராக சைலன்சருக்குள் தண்ணீர் போய், பெரியவர் குளுகுளுவென்று நாலு குமிழி விட்டு அமைதியானார். வீட்டுக்கு இருநூறு அடிகூட இல்லை. கொள்ளிடத்தையும் பாம்பனையும் தாண்டியவரை மழைநீர் வடிகால் பணி நடந்துகொண்டே இருக்கும் எங்கள் தெரு சாய்த்துவிட்டது.

முதல் மாடி பாட்டி ஜன்னலிலிருந்து, "என்னப்பா, பால் வாங்கவா?" என்றாள்.

தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி தூரத்தில் வண்டி லேசான மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் இவள், நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளுகிறாள். புள்ளி நின்றுவிட்டதாம்.

நேற்று பாய் வந்தார். சைலன்சரைக் கவிழ்த்துத் தண்ணீர் எடுத்தார். பித்தளைத் துண்டை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "எவனோ வெவரமானவன் சார்" என்றார். அப்புறம் நிமிர்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்தார். கிரில்லின் இரண்டு கம்பிக்கு நடுவே இழுத்துக் கட்டிய கறுப்பு ஒயரில் என் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், அது நான் போட்ட கிளட்ச் ஒயர் மாரி இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து இவள் குரல் வந்தது. "பாய், அத மட்டும் கேக்காதீங்க. இன்னும் துணி காயல."